உடுக்குறிச் சொல்லை வாசிப்பது எப்படி: தொல் ஸ்லாவியத்தின் ‘நெபொ’ வழியாக ஒரு தொடக்க வழிகாட்டி

சொற்பிறப்பியல் அகராதியை முதன்முறையாகத் திறப்பவர் ‘*நெபொ, நடுப்பால், ஸகர ஈறு, வானம்’ என்பது போன்ற ஒற்றை வரியைக் கண்டு திகைத்து நிற்பது இயல்பு. முன்னால் ஓர் உடுக்குறி நிற்கிறது. சொல்லோ ஒகரத்தில் முடிகிறது. ஆனால் அதை ஸகர ஈற்றுப் பெயர் என்று அகராதி வகைப்படுத்துகிறது. சொல்லில் இல்லாத ஸகரம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு விடை தேடிச் சென்றால், மீட்டுருவாக்கம் என்ற கலையின் பெரும்பகுதி தானாகவே பிடிபட்டுவிடும். இந்தக் கட்டுரை புதிதாக வருபவரை அந்த ஒரே சொல்லின் வழியே படிப்படியாக அழைத்துச் செல்கிறது.

உடுக்குறியின் பொருள் எளியது. அந்த வடிவம் எந்த ஏட்டிலும் கல்வெட்டிலும் கிடைக்கவில்லை, பிற்கால மொழிகளை ஒப்பிட்டு உய்த்துணரப்பட்டது என்பதே அதன் செய்தி. 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய அறிஞர் ஆகுஸ்ட் ஷ்லைஹரின் எழுத்துகளால் இந்த வழக்கம் பரவியது. ரஷ்யம், உக்ரைனியம், போலிஷ், செக், ஸ்லொவேனியம், செர்பியம், பல்கேரியம் முதலியவற்றின் பொது மூதாதையான தொல் ஸ்லாவியம் எழுதப்படாத மொழி. ஆகவே அதன் சொற்கள் அனைத்துக்கும் இந்தக் குறி உரியது. கட்டுரை முழுவதும் அதை இடுவது கண்ணை உறுத்தும் என்பதால், தொல் வடிவம் எது என்பதைச் சொற்களாலேயே குறிப்பிடுகிறேன்.

தொடங்கும் முன்: எழுத்தைப் பற்றி

தொல் ஸ்லாவியத்தைத் தமிழ் எழுத்தில் எழுதுவது நாம் அஞ்சும் அளவுக்குக் கடினம் அன்று. அதன் உயிர்களில் ஆ, ஈ, ஊ, ஏ ஆகியவை பழைய நெடில்களிலிருந்தோ இரண்டு உயிர்கள் சேர்ந்த கூட்டொலிகளிலிருந்தோ வந்தவை. எ, ஒ இரண்டும் குறில். இவை தவிர, பழைய குறில் இகரமும் உகரமும் மிகவும் குறுகி ஒலித்த இரண்டு உயிர்கள் உண்டு. தமிழ் இலக்கணம் அறிந்தவருக்குக் குற்றியலிகரம், குற்றியலுகரம் என்று சொன்னாலே போதும். அவை இ’, உ’ என்று ஒரு சிறு குறியுடன் இங்கே எழுதப்படுகின்றன. பழைய நெடில் ஊகாரத்திலிருந்து பிறந்து, இதழ் குவியாமல் ஒலிக்கும் இன்னோர் உயிரும் உண்டு. பழைய ஸ்லாவிய எழுத்தில் அதைக் குற்றியலுகர எழுத்தையும் இகர எழுத்தையும் சேர்த்தே எழுதினார்கள். எனவே அதை ‘உய்’ என்று குறிப்பது பொருத்தமாக இருக்கும். ‘நெபொ’ என்பதில் வரும் பகரத்தைத் ‘தம்பி’ என்ற சொல்லில் ஒலிப்பது போல ஒலிக்க வேண்டும். இக்கால மொழிகளின் சொற்களையும் உச்சரிப்பின்படி அல்லாமல் அவற்றின் எழுத்துப்படியே தருகிறேன்.

குறில் நெடில் வேறுபாட்டில் கவனம் தேவை. ‘நெபெஸெ’ என்பதும் ‘நெபெஸே’ என்பதும் ஒரே சொல்லின் வேறுவேறு வேற்றுமைகள். தமிழ்க் காதுக்கு இந்த வேறுபாடு இயல்பாகவே கேட்கும் என்பது நமக்குக் கிடைத்த சிறு வசதி.

முதற்படி: சாட்சிகளைத் திரட்டுதல்

ஒரு தாளை எடுத்துக்கொண்டு, வானத்தைக் குறிக்கும் சொல்லை ஒவ்வொரு ஸ்லாவிய மொழியிலிருந்தும் எழுதுங்கள். ரஷ்யத்திலும் உக்ரைனியத்திலும் செர்பியத்திலும் ஸ்லொவேனியத்திலும் அது ‘நெபொ’, போலிஷில் ‘நியெபொ’, செக்கிலும் பல்கேரியத்திலும் ‘நெபெ’. புதியவர்கள் பலர் இந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு, பெரும்பான்மை வடிவமான ‘நெபொ’வைத் தொல் வடிவம் என்று எழுதிவிடுவார்கள். இங்கே அந்த விடை சரியாகவே அமைந்துவிடுகிறது. வழிமுறை தவறு. மீட்டுருவாக்கத்தில் வாக்கெடுப்பு இல்லை. ஒரே ஒரு மொழியில் தங்கிப்போன ஒழுங்கற்ற வடிவம் பத்து மொழிகளின் ஒழுங்கான வடிவத்தைவிட மதிப்புடையதாக இருக்கக்கூடும்.

எழுவாய் வடிவத்தை மட்டும் பார்ப்பதுதான் உண்மையான பிழை. தமிழ் கற்கும் அயலார் ஒருவர் அகராதியில் ‘மரம்’ என்பதை மட்டும் கண்டால், ‘மரத்தை’, ‘மரத்தில்’ என்று வரும் ‘அத்து’ அவருக்குத் தெரியவே வழியில்லை. அதுபோலவே இங்கும் வேற்றுமை ஏற்ற வடிவங்களையும் பன்மையையும் அச்சொல்லிலிருந்து பிறந்த பெயரடைகளையும் சேர்த்துக் கேட்க வேண்டும். கேட்டவுடன் காட்சி மாறிவிடுகிறது. ரஷ்யத்தில் பன்மை ‘நெபெஸா’. செக், பல்கேரியம், செர்பியம், ஸ்லொவேனியம் ஆகியவற்றிலும் பன்மை அதுவே. போலிஷில் சமய நடைக்குரிய பன்மையாக ‘நியெபியொஸா’ இருக்கிறது. ‘வானுக்குரிய’ என்ற பெயரடை ரஷ்யத்தில் ‘நெபெஸ்னுய்’ என்று வருகிறது. போலிஷில் நீல நிறத்துக்கே ‘நியெபியெஸ்கி’ என்று பெயர். நீலச் சட்டை வாங்கும் போலந்துக்காரர் தம் மொழியின் ஒருமையில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் தொலைந்துபோன ஸகரத்தை அன்றாடம் உச்சரிக்கிறார் என்பதை நினைத்துப் பார்க்கலாம்.

பழைய சாட்சி ஒன்றும் தாளில் இடம்பெற வேண்டும். தெசலோனிக்காவைச் சேர்ந்த சிரிலும் மெதோடியுசும் 863இல் மொராவியாவுக்குச் சென்றபோது, வழிபாட்டு நூல்களை ஸ்லாவியத்தில் மொழிபெயர்த்தார்கள். அந்த மரபில் விளைந்த மொழியே பழைய திருச்சபை ஸ்லாவியம். அதில் ஒருமையிலேயே ஸகரம் நிற்கிறது: எழுவாய் ‘நெபொ’, ஆறாம் வேற்றுமை ‘நெபெஸெ’. இந்த மொழி தொல் ஸ்லாவியத்துக்கு மிக நெருங்கியது. ஆனால் அதுவே தொல் ஸ்லாவியம் அன்று. பல்கேரிய, மாசிதோனியப் பகுதியின் தெற்குக் கிளைக்குரியது. இரண்டையும் ஒன்றாகக் கருதுவது பழைய நூல்களிலும் காணப்படும் மயக்கம்.

இரண்டாம் படி: அடியைப் பிரித்தல்

திரட்டிய வடிவங்களிலிருந்து விகுதிகளைக் கழித்தால் மிஞ்சுவது ‘நெபெஸ்’ என்ற அடி. எழுவாய் ஒருமையில் மட்டும் அது ‘நெபொ’ என்று தோன்றுகிறது. இங்கே தமிழ் ஒப்புமையை ஓர் எல்லைவரைதான் நீட்டலாம். ‘மரத்தை’ என்பதில் உள்ள ‘அத்து’ இடையில் வந்து சேரும் சாரியை. ‘நெபெஸெ’ என்பதில் உள்ள ஸகரம் இடையில் வந்ததன்று. அது சொல்லின் உடலோடு பிறந்தது, எழுவாயில்தான் உதிர்ந்துவிட்டது. பல மாணவர்கள் ‘பன்மையில் எஸ் சேர்க்க வேண்டும்’ என்று மனப்பாடம் செய்கிறார்கள். அன்றாட ரஷ்யத்துக்கு அது உதவும், வரலாற்றுக்கு அது தலைகீழ்.

இந்த வகுப்பில் வேறு சொற்களும் உண்டு: சொல்லைக் குறிக்கும் ‘ஸ்லொவொ’, உடலைக் குறிக்கும் ‘தேலொ’, வியப்பைக் குறிக்கும் ‘சூதொ’, சக்கரத்தைக் குறிக்கும் ‘கொலொ’. எழுவாயை மட்டும் பார்த்தால் இடத்தைக் குறிக்கும் ‘மேஸ்தொ’ போன்ற சாதாரண ஒகர ஈற்று நடுப்பால் பெயர்களிலிருந்து இவற்றைப் பிரித்தறியவே முடியாது. ஆறாம் வேற்றுமையில் ‘மேஸ்தா’ என்றும் ‘ஸ்லொவெஸெ’ என்றும் வரும்போதுதான் குலம் தெரிகிறது.

மூன்றாம் படி: ஸ்லாவியத்துக்கு வெளியே

சொல்லின் உடலில் ஸகரம் பிறவியிலேயே இருந்தது என்பது இதுவரை ஒரு கருதுகோள்தான். அதை உறுதிசெய்ய இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தின் பிற கிளைகளிடம் செல்ல வேண்டும்.

சம்ஸ்கிருதத்தில் மூடுபனி, மேகம், வானம் என்ற பொருள்களில் ‘நபஸ்’ இருக்கிறது. தமிழ் அகராதிகளில் வானத்துக்குரிய சொற்களுள் ஒன்றாகக் காணப்படும் ‘நபம்’ அதிலிருந்து வந்த கடன். கிரேக்கத்தில் மேகம் ‘நெஃபொஸ்’. ஹிட்டைட் மொழியின் ஆப்பெழுத்துப் பலகைகளில் வானம் ‘நேபிஷ்’, கி.மு. இரண்டாம் ஆயிரமாண்டைச் சேர்ந்த அந்த மொழியை 1915இல் பெத்ரிஹ் ஹ்ரோஸ்னி வாசித்துக் காட்டியபோது, ஒப்பியலாளருக்கு இத்தகைய சான்றுகள் பல கிடைத்தன. லத்தீனின் ‘நெபுலா’வும் ஜெர்மானியத்தின் ‘நேபெல்’லும் மூடுபனியைக் குறிக்கின்றன, இவை அதே வேரிலிருந்து லகர விகுதி பெற்றுப் பிறந்தவை. பழைய ஐரிஷில் ‘நெம்’, வெல்ஷில் ‘நெவ்’ என்பவை வானுலகைக் குறிக்கும்.

லித்துவேனியம் மட்டும் ஒரு முரண்டு பிடிக்கிறது. அங்கே மேகம் ‘தெபெஸிஸ்’. லாத்வியத்தில் வானம் ‘தெபெஸ்’. நகரம் இருக்க வேண்டிய இடத்தில் ‘பந்து’ என்பதில் ஒலிப்பது போன்ற மெலிந்த தகரம். ஒன்பது என்ற எண்ணுப்பெயரிலும் இதே குறும்பு காணப்படுகிறது: சம்ஸ்கிருதம் ‘நவ’, லத்தீன் ‘நொவெம்’ என்று நகரத்தில் தொடங்க, லித்துவேனியம் ‘தெவீனி’ என்று தொடங்குகிறது. ஒன்பதில் ஸ்லாவியமும் தகரத்துக்கே மாறிவிட்டது. வானத்தில் மட்டும் நகரத்தைக் காத்துக்கொண்டது. இதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட விளக்கங்கள் உள்ளன. தொடக்கநிலையில் அவற்றில் தலையிடாமல், எஞ்சிய உடல் ‘எபெஸ்’ என்று துல்லியமாகப் பொருந்துவதைக் குறித்துக்கொண்டு மேலே செல்வது நல்லது. லித்துவேனியப் பன்மை ஆறாம் வேற்றுமையில் எதிர்பார்க்கப்படும் யகர ஒலி இல்லாமல் ‘தெபெஸூ’ என்று வருவது, இச்சொல் அங்கும் முன்பு மெய்யீற்றுப் பெயராக இருந்ததைக் காட்டிக்கொடுக்கிறது.

இவற்றிலிருந்து பெறப்படும் இந்தோ-ஐரோப்பிய மூலம் எழுவாயில் ‘நெபொஸ்’, பிற வேற்றுமைகளில் ‘நெபெஸ்-’. பகரம் மூச்சொலியுடன் கூடியது, சம்ஸ்கிருதத்தின் நான்காம் பகரம் போன்றது. இறுதி அசையில் ஒகரமும் எகரமும் மாறிமாறி வருவது இந்த வகுப்பின் அடையாளம்.

இந்த இடத்தில் சற்று நின்று ஸகரத்தின் விதியை மொழிமொழியாகப் பார்ப்பது பயன் தரும். சம்ஸ்கிருதம் அதை இரண்டு இடங்களிலும் காத்தது: ‘நபஸ்’, ஏழாம் வேற்றுமை ‘நபஸி’. கிரேக்கம் சொல்லிறுதியில் காத்து, உயிர்களுக்கு இடையில் தொலைத்தது: ‘நெஃபொஸ்’, ஆனால் ஆறாம் வேற்றுமை ‘நெஃபெஒஸ்’, பிற்பாடு ‘நெஃபூஸ்’. லத்தீன் இந்த வகுப்புச் சொற்களில் இடையில் வந்ததை ரகரமாக்கியது: இனத்தைக் குறிக்கும் ‘கெனுஸ்’, ஆறாம் வேற்றுமையில் ‘கெனெரிஸ்’. ஸ்லாவியம் கிரேக்கத்துக்கு நேரெதிராக இறுதியில் தொலைத்து இடையில் காத்தது. நான்கு மொழிகளையும் அருகருகே வைக்காமல் எந்த ஒரு மொழியின் ஒழுங்கின்மையும் விளங்காது.

தமிழ் வாசகருக்கு இது முற்றிலும் அந்நியமான வகுப்பன்று என்பதையும் சொல்ல வேண்டும். ‘மனஸ்’ என்ற சம்ஸ்கிருதச் சொல் இதே ஸகர ஈற்று வகுப்பைச் சேர்ந்தது. நாம் பேச்சில் ‘மனசு’ என்று ஸகரத்தைக் காத்தும், எழுத்தில் ‘மனம்’ என்று கைவிட்டும், தொகைச் சொல்லில் ‘மனோபலம்’ என்று ஓகாரமாக்கியும் வழங்குகிறோம். ‘மனோ’வையும் ‘நெபொ’வையும் ஒன்றாக எண்ணிவிடக் கூடாது. முன்னது சம்ஸ்கிருதப் புணர்ச்சி. பின்னது ஸ்லாவியத்தின் தனி வரலாறு. ஈற்றொலி ஒத்திருப்பது தற்செயல்.

நான்காம் படி: ஒலி விதிகளை ஒவ்வொன்றாக இறக்குதல்

மூலத்தையும் முடிவையும் கண்டபின், இடையிலான பாதையை விதிகளால் நிரப்ப வேண்டும். ஒரு விதியாவது சொல்லுக்குப் பொருந்தாவிட்டால், மூலமோ விதியோ தவறாக இருக்க வேண்டும்.

முதல் விதி எளியது. லித்துவேனியமும் லாத்வியமும் ஸ்லாவியமும் அடங்கிய பால்டிக்-ஸ்லாவியக் கிளையில், மூச்சொலியுள்ள மெலிந்த மெய்கள் (‘தம்பி’யின் பகரம் போலக் குரல் அதிர ஒலிப்பவை) மூச்சொலியை இழந்து சாதாரண மெலிந்த மெய்களோடு கலந்துவிட்டன. கலந்துவிட்ட பின், மூலத்தில் மூச்சொலி இருந்ததா என்று ஸ்லாவியத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியுமா? 1970களில் வெர்னர் விண்டர் முன்வைத்த விதி இதற்கு வழி தருகிறது. மூச்சொலி இல்லாத பழைய மெலிந்த மெய்க்கு முன் நின்ற குறில், இக்கிளையில் நெடிலாகும் என்பது அவ்விதி. உட்காருதலைக் குறிக்கும் வேர் லத்தீனில் ‘ஸெத்-’ என்று குறிலாக இருக்க, ஸ்லாவியத்தில் ‘ஸேத்-’ என்று நெடிலாவது இதனால்தான். நம் சொல்லின் பகரமும் அத்தகையதாக இருந்திருந்தால் ‘நேபொ’ என்று வந்திருக்கும். அப்படி வரவில்லை. ஆகவே மூச்சொலி இருந்தது என்பதைச் சம்ஸ்கிருதத்தைக் கேட்காமலே ஸ்லாவியத்தின் எகரக் குறில் சொல்லிவிடுகிறது. இத்தகைய இரட்டைச் சான்று கிடைக்கும்போது ஏற்படும் நிறைவை இத்துறையில் இருப்பவர்கள் அறிவார்கள்.

இரண்டாவது, உயிர்களைப் பற்றியது. இந்தோ-ஐரோப்பிய ஒகரமும் அகரமும் இக்கிளையில் ஒன்றாகி, நெடுங்காலம் அகரத்தை ஒத்து ஒலித்து, தொல் ஸ்லாவியத்தின் கடைசிக் கட்டத்தில்தான் ஒகரமாயின. இதற்கு வெளிச்சான்று ஃபின்னிஷ் மொழியில் உள்ளது. அவரையினக் கொட்டையைக் குறிக்கும் ஸ்லாவிய ‘பொபு’’ அங்கே ‘பபு’ என்று அகரத்தோடு கடன் புகுந்தது. கடன் வாங்கிய நாளில் கேட்ட ஒலி அகரமே.

மூன்றாவது, சொல்லிறுதி மெய்கள் உதிர்தல். தொல் ஸ்லாவியம் அசைகள் அனைத்தையும் உயிரில் முடிக்கும் போக்குடையது. ‘நெபொஸ்’ என்பதன் இறுதி ஸகரம் உதிர்ந்ததும், ‘நெபெஸெஸ்’ என்ற ஆறாம் வேற்றுமையில் விகுதியின் ஸகரம் மட்டும் உதிர்ந்து அடியின் ஸகரம் நின்றதும் இவ்விதியால் விளைந்தவை.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது, மறைக்காமல் சொல்ல வேண்டியது. ஆண்பால் பெயர்களின் பழைய எழுவாய் விகுதியும் ‘ஒஸ்’ தான். ஆனால் ஓநாயைக் குறிக்கும் சொல் தொல் ஸ்லாவியத்தில் ‘வி’ல்கு’’ என்று குற்றியலுகரத்தில் முடிகிறது. ஒரே ‘ஒஸ்’ ஓரிடத்தில் உ’ ஆகவும் ஓரிடத்தில் ஒ ஆகவும் எப்படி மாறும்? ஒரு சாரார் உ’ ஆவதே ஒழுங்கு என்றும், ‘நெபொ’வின் ஒகரம் ‘அது’ என்ற பொருள்படும் ‘தொ’ என்ற சுட்டுப்பெயரையும் பிற நடுப்பால் பெயர்களையும் பின்பற்றி வந்தது என்றும் கூறுகிறார்கள். மறுசாரார் ஒ ஆவதே ஒழுங்கு என்றும், ஆண்பால் எழுவாய்தான் இரண்டாம் வேற்றுமை வடிவத்தை எடுத்துக்கொண்டது என்றும் கூறுகிறார்கள். முதல் விளக்கமே எனக்கு இயல்பாகத் தோன்றுகிறது; சுட்டுப்பெயரும் பெயரும் அடுத்தடுத்து வரும்போது ஈறுகள் ஒன்றையொன்று இழுப்பது பல மொழிகளில் காணப்படுவது. ஆனால் புதியவர் இரண்டையும் குறித்து வைத்துக்கொள்வதே நேர்மை.

நான்காவது விதியை ஹோல்கர் பெடர்சன் 1895இல் ஆராய்ந்தார். ரகரம், உகரம், ககரம், இகரம் ஆகியவற்றின் பின் நின்ற ஸகரம் ஸ்லாவியத்தில் ஹகரமாகும். நம் அடியில் ஸகரத்துக்கு முன் நிற்பது எகரம். எனவே அது மாறாமல் தப்பித்தது. ஏழாம் வேற்றுமைப் பன்மை விகுதியிலோ ஸகரத்துக்கு முன் இகரம் இருந்தது. ஆகையால் அது ஹகரமாயிற்று. விளைவு ‘நெபெஸி’ஹு’’: ஒரே சொல்லில் தப்பித்த ஸகரமும் மாறிய ஸகரமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. விதியின் எல்லையை விளக்க இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டை நான் கண்டதில்லை.

ஐந்தாம் படி: வேற்றுமைகளை வரிசைப்படுத்துதல்

தமிழின் எட்டு வேற்றுமை எண்ணிக்கை இங்கே நன்றாக உதவும். ஐந்தாம் வேற்றுமை மட்டும் ஸ்லாவியத்தில் தனியே இல்லை. அதன் வேலை ஆறாம் வேற்றுமைக்குள் அடங்கிவிட்டது. எட்டாம் வேற்றுமையாகிய விளி, நடுப்பால் பெயர்களில் எழுவாயோடு ஒன்றானது. இரண்டாம் வேற்றுமையும் அப்படியே. எனவே எழுத வேண்டிய வடிவங்கள் எதிர்பார்ப்பதைவிடக் குறைவு.

ஒருமையில் எழுவாயும் இரண்டாவதும் விளியும் ‘நெபொ’. மூன்றாவது ‘நெபெஸி’மி’’, நான்காவது ‘நெபெஸீ’, ஆறாவது ‘நெபெஸெ’, ஏழாவதும் ‘நெபெஸெ’.

இருமை என்ற எண் தமிழில் இல்லாததால் அது நமக்குப் புதிது. இரண்டு பொருள்களுக்கு மட்டும் உரிய இந்த எண்ணில் மூன்று வடிவங்களே உள்ளன: எழுவாய், இரண்டாவது, விளி மூன்றுக்கும் ‘நெபெஸே’, ஆறாவதுக்கும் ஏழாவதுக்கும் ‘நெபெஸூ’, மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் ‘நெபெஸி’மா’. இரண்டு வானங்களைப் பற்றி யார் பேசியிருப்பார்கள் என்று கேட்பது நியாயமே. இந்த வடிவங்கள் வகுப்பின் பிற சொற்களைக் கொண்டு நிரப்பப்படுபவை, ஓர் உடலும் இன்னோர் உடலும் என்று பேசும் தேவை கட்டாயம் இருந்திருக்கும்.

பன்மையில் எழுவாயும் இரண்டாவதும் விளியும் ‘நெபெஸா’, மூன்றாவது ‘நெபெஸுய்’, நான்காவது ‘நெபெஸி’மு’’, ஆறாவது ‘நெபெஸு’’, ஏழாவது ‘நெபெஸி’ஹு’’.

இவற்றைத் தாளில் எழுதியபின், உரத்து ஒருமுறை வாசியுங்கள். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், குற்றியலுகரத்துக்கும் முழு ஊகாரத்துக்கும் உள்ள வேறுபாடுதான் வேற்றுமையைத் தாங்கி நிற்கிறது என்பது வாசிக்கும்போதுதான் உறைக்கும்.

ஆறாம் படி: பழையதையும் புதியதையும் பிரித்தல்

இந்த வரிசை முழுவதும் இந்தோ-ஐரோப்பியத்திலிருந்து அப்படியே இறங்கியது என்று எண்ணுவது பெரும்பாலான தொடக்க நூல்கள் தரும் தவறான தோற்றம். ஆறாம் வேற்றுமை ஒருமை ‘நெபெஸெ’, பன்மை ‘நெபெஸு’’, நான்காம் வேற்றுமை ‘நெபெஸீ’ ஆகியவை பழையவை. ஆனால் ‘நெபெஸி’மி’’, ‘நெபெஸி’மு’’, ‘நெபெஸி’ஹு’’ ஆகியவற்றில் ஸகரத்துக்கும் விகுதிக்கும் இடையே வரும் குற்றியலிகரம் இகர ஈற்றுப் பெயர்களிடமிருந்து வந்தது. மெய்யும் மெய்யும் மோதாமலிருக்க அந்த உயிர் தேவைப்பட்டது. பன்மை மூன்றாம் வேற்றுமையின் ‘உய்’ ஒகர ஈற்றுப் பெயர்களிடமிருந்து வந்த இரவல். ஒவ்வொரு வடிவத்தின் பக்கத்திலும் ‘மரபு’ அல்லது ‘இரவல்’ என்று பென்சிலால் எழுதிவைக்கும் பழக்கத்தைத் தொடக்கத்திலேயே ஏற்படுத்திக்கொள்ளுங்கள்.

இரவல் வாங்கும் போக்கு அதோடு நிற்கவில்லை. திருச்சபை ஸ்லாவியத்தின் கர்த்தர் செபத்தில் இச்சொல் இரண்டு முறை வருகிறது. ‘வானங்களில் இருக்கிற’ என்ற இடத்தில் ஏழாம் வேற்றுமைப் பன்மை நிற்கிறது. ‘வானத்தில் போலப் பூமியிலும்’ என்ற இடத்தில் ஏழாம் வேற்றுமை ஒருமை நிற்கிறது. ஆனால் ‘நெபெஸெ’ என்ற பழைய வடிவமாக அல்ல, இகர ஈற்றுப் பெயர்களைப் பின்பற்றிய ‘நெபெஸீ’ என்ற வடிவமாக. முதல் இடத்தில் பன்மை வருவதற்குக் கிரேக்க மூலத்திலேயே பன்மை இருப்பது காரணம். கிரேக்கம் அதை எபிரேயத்தின் பன்மை வடிவச் சொல்லைப் பின்பற்றி எடுத்துக்கொண்டது. சமய வழக்கில் நிலைத்ததால்தான் ‘நெபெஸா’ என்ற பன்மை, ஒருமையில் ஸகரம் மறைந்த மொழிகளிலும் இன்றுவரை தாக்குப்பிடிக்கிறது.

குற்றியல் உயிர்களின் பிற்கால விதியையும் இங்கே சோதிக்கலாம். செக் அறிஞர் அந்தோனின் ஹாவ்லிக் 1889இல் கண்டறிந்தபடி, சொல்லின் கடைசியிலிருந்து எண்ணும்போது முதல் குற்றுயிர் உதிரும், இரண்டாவது முழு உயிராகும், இப்படியே மாறிமாறிச் செல்லும். ‘நெபெஸி’ஹு’’ என்பதில் கடைசி உ’ உதிர, அதற்கு முந்தைய இ’ எகரமாகி, ‘நெபெஸெஹ்’ கிடைக்கிறது. பிற்காலத் திருச்சபை ஸ்லாவியத்தில் அந்தச் செபம் ஒலிப்பது அப்படியே.

பின்னர் ஒவ்வொரு மொழியும் அடியின் இரட்டை வடிவத்தைச் சீராக்க முயன்றது. சீராக்கம் இரண்டு திசைகளில் நடக்கலாம். ரஷ்யத்தில் இரண்டும் நடந்தன. வானத்தில் குறுகிய வடிவம் வென்றது: ஆறாம் வேற்றுமை இப்போது ‘நெபா’. சக்கரத்தில் நீண்ட வடிவம் வென்று எழுவாயையே மாற்றிவிட்டது: பழைய ‘கொலொ’ போய் ‘கொலெஸொ’ வந்தது. ஸ்லொவேனியம் சக்கரத்திலும் உடலிலும் பழைய ஒழுங்கைக் காத்து, ‘தெலொ’ என்ற எழுவாய்க்கு ‘தெலெஸா’ என்று ஆறாம் வேற்றுமை சொல்கிறது. ஆனால் வானத்துக்கு ‘நெபா’ என்கிறது. ஒரு மொழி ஒரு சொல்லில் பழமை காத்தது என்பதால் எல்லாச் சொற்களிலும் காக்கும் என்று கொள்ள முடியாது.

ரஷ்யத்தில் இன்னொரு கிளைக்கதை உண்டு. அழுத்தம் பெற்ற எகரம், யகரச் சாயல் ஏறாத ‘கடின’ மெய்க்கு முன் அங்கே ‘யொ’ ஆக வேண்டும். அப்படியானால் வானம் ‘ந்யொபொ’ என்றுதான் இருக்க வேண்டும். அந்த வடிவம் இருக்கிறது, வேறு பொருளில்: வாயின் மேல் அண்ணத்துக்கு ரஷ்யர் ‘ந்யொபொ’ என்கிறார்கள். அண்ணம் வாய்க்குள் ஒரு வானம் என்ற உருவகத்தில் பிறந்த நாட்டுவழக்கு வடிவம் ஒலி விதிக்குப் பணிந்தது. வானத்தின் பெயரோ திருச்சபை உச்சரிப்பின் செல்வாக்கால் எகரத்தைக் கைவிடவில்லை. அகராதியில் இரண்டையும் கண்டு இரு வேறு வேர்கள் என்று எண்ணிவிடாதீர்கள்.

அழுத்தத்தைப் பற்றி ஒரு சொல். இப்பெயர் அழுத்தம் இடம்பெயரும் வகையைச் சேர்ந்தது. ரஷ்யத்தில் ஒருமையில் முதலசையிலும், ‘நெபெஸா’ என்ற பன்மையில் கடைசி அசையிலும் அழுத்தம் விழுகிறது. ‘வானத்தை நோக்கி’ என்ற தொடரில் அது முன்னிற்கும் இடைச்சொல்லுக்கே தாவிவிடக்கூடும். நார்வே அறிஞர் கிறிஸ்தியன் ஸ்டாங் 1957இல் வகுத்த மூன்று வகைகளில் இது மூன்றாவது.

ஏழாம் படி: பொருளின் பயணம்

வடிவம் உறுதியான பின்புதான் பொருளுக்கு வர வேண்டும். முதலிலேயே பொருளைப் பிடித்துக்கொண்டு வடிவத்தை வளைப்பது நாட்டுப்புறச் சொற்பிறப்பியலின் வழி. சான்றுகளைப் பொருள்வாரியாகப் பிரித்தால், கிரேக்கமும் லித்துவேனியமும் மேகம் என்கின்றன. லத்தீனும் ஜெர்மானியமும் மூடுபனி என்கின்றன. ஹிட்டைட், ஸ்லாவியம், கெல்டிக் மொழிகள், லாத்வியம் ஆகியவை வானம் என்கின்றன. சம்ஸ்கிருதம் மூன்றையும் ஏற்கிறது. மேகத்திலிருந்து வானத்துக்குப் பொருள் விரிந்தது என்பதே பொதுவான முடிவு. தமிழில் ‘வான்’ என்ற ஒரே சொல் ஆகாயத்தையும் மேகத்தையும் மழையையும் குறிப்பதை அறிந்தவருக்கு இந்த விரிவை ஏற்பதில் தயக்கம் இருக்காது. குறளின் ‘வான் சிறப்பு’ மழையைத்தானே பாடுகிறது.

பழைய சொல் வானத்துக்குச் சென்றுவிட்டதால், ஸ்லாவியத்துக்கு மேகத்தைக் குறிக்கப் புதுச் சொல் தேவைப்பட்டது. சுற்றிப் போர்த்துவது என்ற பொருளுடைய வினையிலிருந்து ‘ஒப்லாகு’’ என்ற பெயர் அப்படிப் பிறந்தது.

பயிற்சிக்கு ஒரு சொல்

இதே படிகளை ‘ஸ்லொவொ’வில் நீங்களே செய்து பார்க்கலாம். தொடங்குவதற்குச் சில குறிப்புகள் போதும். ‘சொல்லுக்குரிய’ என்ற ரஷ்யப் பெயரடை ‘ஸ்லொவெஸ்னுய்’. புகழைக் குறிக்கும் கிரேக்கச் சொல் ‘க்ளெஒஸ்’; அதே பொருளில் சம்ஸ்கிருதத்தில் ‘ச்ரவஸ்’. முதல் மெய் ஸ்லாவியத்தில் ஸகரமாகவும் கிரேக்கத்தில் ககரமாகவும் சம்ஸ்கிருதத்தில் சகரமாகவும் வருவது தனி விதி. அதை ‘நூறு’ என்ற எண்ணுப்பெயரில் சரிபார்க்கலாம். ஸ்லாவியத்தில் அது ‘ஸு’தொ’, சம்ஸ்கிருதத்தில் ‘சதம்’, கிரேக்கத்தில் ‘ஹெகதொன்’. கிரேக்கச் சொல்லின் நடுவில் வகரம் ஏன் இல்லை, ஸகரம் எந்த வேற்றுமையில் மறைந்தது என்ற இரண்டு கேள்விகளோடு தாளை எடுங்கள். எழுவாயை ஓரமாக வைத்துவிட்டு ஆறாம் வேற்றுமையிலிருந்து தொடங்குங்கள்.